ஒன்பது வயதுக் கிழவர்கள்

வணக்கம் அண்ணை,

நீங்கள் சொல்லித்தான் பாலைவனக் கிரகம் ஒன்றைப் பற்றிய 'டூன்' நாவல் வரிசையை வாசிக்கத் தொடங்கினேன். முதல் புத்தகம் பண்டாரவன்னியன் நாடகத்தை விடிய விடியப் பார்த்தது போல இருந்தது. மூன்றாவது, 'சில்ரன் ஒஃப் டூன்', அப்படி இல்லை. போரைக் காணோம், அரண்மனைக்குள் ஆளுக்காள் குழி பறிக்கிறார்கள். அதைவிட, ஒன்பது வயது இரட்டைப் பிள்ளைகள் எண்பது வயதுக் கிழவர் மாதிரிக் கதைப்பதை எப்படி அண்ணை நம்புவது? இதற்குப் பிறகு நாலாவதையும் வாசிக்கத்தான் வேண்டுமா?

க., ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கோபம் நியாயம்தான். பிராங்க் ஹேர்பேர்ட் 1976 இல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தின் நடுப்பகுதி சரியான இழுவை. இரட்டையரில் ஆண்பிள்ளை லெட்டோ வாய் திறந்தால் மூடமாட்டான், நானே சில பக்கங்களைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கடைசியில் மணல்மீன்களை உடம்பெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டு அவன் பாய்ந்து திரிவதும் கொஞ்சம் ஓவர்.

ஆனால் போர் இல்லை என்கிறீர்களே, சண்டை பிடித்துக் கதிரையைப் பிடித்தது முதல் புத்தகத்தில். இப்போது அந்தக் கதிரையில் யார் இருப்பது என்பதுதான் பிரச்சினை. பிள்ளைகளின் தகப்பனான 'போல்' கண்ணில்லாமல் பாலைவனத்துக்குள் நடந்து போய்விட்டான், தாய் சானி பிள்ளைகளைப் பெற்ற கையோடு செத்துப்போனாள், போலின் தங்கை அலியா 'பிள்ளைகள் வளரும் வரைக்கும்' என்று ஆட்சியை எடுத்துக்கொள்கிறாள். இந்த 'வளரும் வரைக்கும்' நமக்கு என்ன புதிதா? 1617 இல் யாழ்ப்பாணத்தில் எதிர்மன்னசிங்கம் சாகும்போது வாரிசு சின்னப்பிள்ளை. பிள்ளைக்காக ஆள நின்றவர் அரசகேசரி (இரகுவம்சத்தைத் தமிழில் பாடியவர் இவர்தான் என்று சொல்வதுண்டு, ஒரு அரச வம்சத்தின் கதையைப் பாடினவருக்கு இந்தக் கதி). அவரையும் அரச குடும்பத்து ஆண்களையும் கொன்றுவிட்டுச் சங்கிலி குமாரன் ஆட்சியைப் பிடித்தான். 1619 இல் போர்த்துக்கேயர் வந்து அவனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள், இராச்சியமும் அதோடு சரி. 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததை எத்தனை தரம் மேடையேற்றியிருக்கிறோம். 1617 ஐ யாரும் ஆடி நான் பார்க்கவில்லை.

இனிப் பிள்ளைகள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே முழிப்பு வந்தவர்கள், வம்சத்தில் செத்த அத்தனை பேரும் தலைக்குள் இருக்கிறார்கள். இதை ஒரு வரம் மாதிரி வாசித்தால் உங்களுக்கு வந்த எரிச்சல்தான் வரும். அலியாவைப் பாருங்கள். அவளும் அப்படிப் பிறந்தவள்தான். தலைக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், தாங்க முடியவில்லை, அப்போது ஒரு குரல் மட்டும் பதமாக வந்து 'மற்றவர்களை நான் அடக்கி வைக்கிறேன், எனக்கும் கொஞ்சம் இடம் தா' என்று பேரம் பேசுகிறது. அது யாருடையது? முதல் புத்தகத்தில் இவள் தன் கையால் கொன்றாளே, அந்தப் பாரன் ஹார்கொன்னன். தாயின் தகப்பன், அதாவது சொந்த அம்மப்பா. தான் கொன்ற கிழவனுக்கே உள்ளே பாய் விரித்துக் கொடுக்கிறாள். நான் இரவில் வாசித்துவிட்டு எழும்பிப்போய் விளக்கைப் போட்ட இடம் அது.

இரட்டையர்கள் ஏன் அப்படி ஆகவில்லை? அவர்கள் இரண்டு பேர். ஒருவர் உள்ளே இழுபட்டால் மற்றவர் பிடித்து நிறுத்துகிறார், பெண்பிள்ளை கனிமாவுக்குள் தாய் சானியே காவல் நிற்கிறாள். அலியாவுக்கு யார் இருந்தது? பெற்ற தாய் ஜெசிக்கா அவளை விட்டுவிட்டு வேறு கிரகத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தப் புத்தகமே இந்த வித்தியாசம்தான். எதிரி வீட்டு வென்சீசியா புதுச் சட்டைகளைப் பரிசாக அனுப்பி, அதே மாதிரிச் சட்டை போட்ட பிள்ளைகள்மேல் பாயப் புலிகளைப் பழக்குவதெல்லாம் கதையை ஓட்டுவதற்கு.

நம்ப முடியவில்லை என்கிறீர்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொட்டில் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் நாலாம் ஆண்டுக்குப் படிப்பித்தேன். வீடு கீறச் சொன்னேன். ஒருவன் வீட்டைச் சின்னதாகக் கீறிவிட்டுப் பக்கத்தில் பங்கரைப் பெரிதாகக் கீறினான். வாசல் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டேன். "நேரா வைக்கக் கூடாது சேர், ஷெல் பீஸ் உள்ளுக்கு வரும். முடக்கு வேணும்" என்றான். மேலே போடப் பனங்குத்தி எத்தனை வேண்டும், மண்மூட்டை எப்படி அடுக்குவது என்று, வேலி அடைப்பதைப் பற்றிப் பெரியவர்கள் கதைப்பார்களே, அந்தக் குரலில் சொல்லிக்கொண்டு போனான். அவனுக்கும் ஒன்பது வயது. அந்த நேரம் வெளியில் ஐஸ்பழக்காரன் மணியடித்தான், கொப்பியைப் போட்டுவிட்டு ஓடினான், காசில்லை என்று திரும்பி வந்து அழுதான்.

ஹேர்பேர்ட் விட்டது அந்த ஐஸ்பழத்தைத்தான். லெட்டோவும் கனிமாவும் ஒரு தரமாவது அப்படி அழுதிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

தண்ணீர் விஷயத்தை நீங்கள் எழுதாதது எனக்கு ஆச்சரியம். இரணைமடுக் குளம் வான் பாய்ந்தால் குடும்பத்தோடு பார்க்கப் போகிற ஆட்கள் நாங்கள். அந்தக் கிரகத்திலோ மண் பச்சையாகப் பச்சையாக மணலுக்குள் வாழும் பெரும்புழு சாகிறது, ஏனென்றால் புழுவுக்குத் தண்ணீர் விஷம், புழு இல்லாமல் ஸ்பைஸ் என்ற விலையுயர்ந்த போதைப்பொருள் இல்லை, ஸ்பைஸ் இல்லாமல் அந்தக் கதிரைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நாலாவது 1981 இல் வந்தது, கதை 3,500 வருடம் தள்ளி நடக்கிறது, லெட்டோ இன்னும் உயிரோடு இருக்கிறான், இன்னும் கூடக் கதைக்கிறான். உடனே வேண்டாம். முதலில் மூன்றாவதில் அலியா வருகிற அத்தியாயங்களை மட்டும் திரும்ப வாசியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எழுதுங்கள், என்னிடம் அட்டை கிழிந்த பிரதி ஒன்று இருக்கிறது, மாங்குளம் வரும்போது கொண்டு வருகிறேன். திருப்பித் தர வேண்டும்.