வென்டிலேட்டரில் இருக்கும் ஆச்சிக்கு வலி மதிப்பெண்

சிஸ்டர், ஆன்லைன் பயிற்சியை முடித்தும் உங்கள் காரைக்குடி ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கும் ஆச்சிக்கு மதிப்பெண் போடத் தடுமாறுகிறது, பிபியும் பல்ஸும் நார்மலாக இருந்ததால் வலி இல்லை என்று எழுதினேன், சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. அவை ஏறினால் போய்ப் பார்க்கச் சொல்லும் சைகை, அவ்வளவுதான். பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து) வாங்குகிறவருக்கு வலியிலும் பல்ஸ் ஏறாமல் இருக்கலாம்.

விழிப்பாக இருந்தால் முதலில் கேளுங்கள். "ஆச்சி, வலிக்குதா? வலிச்சா கண்ணை மூடுங்க." அவர் சொல்வதுதான் எந்த அளவுகோலையும்விடப் பெரிது.

பதில் சொல்ல முடியாதவருக்குத்தான் சிபிஓடி (CPOT), அதாவது ஐசியூ நோயாளியைப் பார்த்தே வலியை மதிப்பிடும் அளவுகோல். பார்க்க வேண்டியவை நான்கு: முகம், உடல் அசைவு, வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது, தசை இறுக்கம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 8. 3 வந்தாலே டாக்டரைக் கூப்பிடுங்கள். முதலில் தொடாமல் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், புருவம் சுருங்கிக் கண்ணையும் இறுக்கி மூடியிருந்தால் முகத்துக்கே 2, கையை மெதுவாக மடக்கி நீட்டி இறுக்கம் பார்ப்பதைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் தொட்டாலே மற்றதெல்லாம் மாறிவிடும். அப்புறம் புரட்டிப் படுக்கவைக்கும்போதும் சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடும்போதும் மறுபடி பாருங்கள், சும்மா படுத்திருக்கையில் 0 வந்தவர் அப்போதுதான் வலியைக் காட்டுவார்.

தசை தளர்த்தும் மருந்து ஓடினால் இந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. வலி இருக்கும் என்றே வைத்துக்கொண்டு மருந்து கேளுங்கள், தயங்காதீர்கள்.

கை பழக, பயிற்சி வீடியோவை விடை வருமுன் நிறுத்தி நீங்களே போட்டுப் பாருங்கள். டியூட்டியில் கூட இருப்பவரும் நீங்களும் ஒரே நேரத்தில் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். வலிமருந்து கொடுத்தபின் அது வேலை செய்யும் நேரத்தில் திரும்பப் போட்டு இரண்டையும் சார்ட்டில் எழுதுங்கள்.