மருமகள் வீட்டுச் சித்தப்பா

கேள்வி: என் பேரனுக்கு 15 மாதம் முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கையை விட்டு நடக்கவில்லை. வாக்கர் வாங்கிக் கொடுத்தும் பலனில்லை. தாமதமாக நடக்கும் குழந்தைக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் வரும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். மருமகள் வீட்டில் அவளுடைய சித்தப்பாவுக்கு இந்த நோய் உண்டு. கல்யாணத்தின்போது எங்களிடம் மறைத்துவிட்டார்கள். இப்போது மருமகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். மனசு பதறுகிறது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு

பதில்: பேரனின் நடையைப் பற்றிக் கேட்க வந்தவர், பாதி வழியிலேயே மருமகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தர்மபுரிப் பக்கம் பிள்ளைக்கு எது வந்தாலும் தாய் வீட்டுக் கணக்கில்தான் எழுதுவார்கள். பேச்சு வராவிட்டால் தாய்மாமன் திக்குவாய் என்பார்கள். எடை ஏறாவிட்டால் பால் சரியில்லை என்பார்கள். பெண் பிறந்ததற்கே தாயைக் குற்றவாளி ஆக்கிய ஊர் இது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

படித்த மருத்துவர்களும் இந்தத் தவறைச் செய்தவர்கள்தான். தாயின் குணமே பிள்ளைக்கு மனச்சிதைவை, அதாவது இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் வரும் ஸ்கிசோஃப்ரினியாவை, உண்டாக்குகிறது என்ற கருத்தை 1948ல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர் முன்வைத்தார். அதற்குச் சான்று கிடையாது, பிறகு அதைக் கைவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ தாய்மார்கள், நோயுற்ற பிள்ளையைப் பராமரித்துக்கொண்டே பழியையும் சுமந்தார்கள்.

சரி, சித்தப்பாவின் கணக்கைப் பார்ப்போம். இந்த நோய் வாழ்நாளில் நூற்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு வரலாம், 90 பேருக்கு வராது. உறவு தள்ளிப்போகப் போக அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். உங்கள் பேரனுக்கு அவர் அம்மாவின் சித்தப்பா. அவ்வளவு தூரத்து ரத்தத்தை வைத்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தை எழுதக் கூடாது.

யூடியூபில் பேசியவர் பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திவிட்டார். பிரிட்டனில் 1946 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த 5362 குழந்தைகளை வளர வளரக் கவனித்துவந்தார்கள். அவர்களில் 30 பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவு வந்தது. அந்த 30 பேரும் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 மாதம் தாமதமாக நடந்திருந்தார்கள் என்று 1994ல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பின்லாந்தில் 1966ல் பிறந்தவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. மூளை வளர்வதிலேயே இந்த நோயின் வேர் இருக்கலாம் என்று காட்டியதால் அறிவியலுக்கு இவை பெரிய செய்தி. ஆனால் ஒரு மாதச் சராசரி வித்தியாசத்தை வைத்து எந்த வீட்டுக் குழந்தைக்கும் ஜோசியம் சொல்ல முடியாது. தாமதமாக நடந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளின் நல்ல வளர்ச்சியுள்ள குழந்தைகளைப் பார்த்து, 2006ல் ஒரு வரம்பைச் சொன்னது. பிடிக்காமல் நடப்பதற்கு அதில் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை இடம் உண்டு. உங்கள் பேரன் அதற்குள்தான் இருக்கிறான்.

என்னை உறுத்துகிற தாமதம் வேறு. ‘மறைத்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் மறைத்தார்கள்? சொல்லியிருந்தால் நீங்கள் பெண் எடுத்திருப்பீர்களா? இந்தப் பயத்தில்தான் நம் வீடுகளில் நோயையே மறைக்கிறார்கள். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ இது தலைகாட்டும். ஓசூர் கம்பெனிக்கு ஒழுங்காகப் போய்வந்த பையன் வேலையை விட்டு வீட்டோடு இருப்பான். ராத்திரி தூங்க மாட்டான், யாரோ தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது என்பான், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறீர்கள் என்று தட்டைத் தள்ளுவான். வீட்டார் மந்திரிப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள். அப்புறம், கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒன்றும் அறியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கட்டிவைப்பார்கள். வைத்தியம் தொடங்குவதற்குள் மாதங்களும் வருஷங்களும் போய்விடும். அப்படிப் போகப் போகத் தேறுவதும் கடினமாகிறது. சீக்கிரம் மருந்து தொடங்கி, விடாமல் சாப்பிட்டால் நிலைமை வேறு. சென்னையில் மனநல மருத்துவர் தாராவின் குழு, நோய் புதிதாக வந்த 90 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 10 ஆண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தார்கள். அந்தச் சித்தப்பா மருந்து சாப்பிடுகிறாரா என்று உங்கள் சம்பந்தியிடம் அன்பாக விசாரியுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். அதன் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. கர்ப்பிணியின் பட்டினி பிள்ளையின் மூளை வரை போகும். பஞ்சம் இல்லாத வீட்டிலும் மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள் என்பதுதான் என் நெடுநாள் சண்டை. உங்கள் வீட்டில் அவள் முதலில் உட்காரட்டும். களியோடு கீரையும் முட்டையும் வையுங்கள். நர்ஸம்மா கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். ‘உன் சித்தப்பா’ என்ற பேச்சை அவள் காதில் விழ எடுக்காதீர்கள்.

வாக்கரைத் தூக்கி விற்றுவிடுங்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, குழந்தை படியில் உருண்டு அடிபடத்தான் உதவும். கனடா 2004லேயே அதைத் தடை செய்துவிட்டது. பையனைத் தரையில் விடுங்கள். 18 மாதம் முடிந்தும் நடக்காவிட்டால், அல்லது இப்போதே கூப்பிட்டால் திரும்பாமலோ, ஒரு பக்கக் கை காலை மட்டும் குறைவாக அசைத்தாலோ, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யாமல் போனாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே பார்க்க வேண்டியவை தசை, எலும்பு, தைராய்டு, காது, சத்துக்குறைவு போன்றவை.

உங்கள் கடிதத்தில் பேரன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், அவள் சித்தப்பாகூட இருக்கிறார். உங்கள் மகன் ஒரு வரியிலும் இல்லை. மருத்துவரிடம் போகும் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வரட்டும்.