வலைக்கு 'அன்ஃபர்ல்' வராது

தேவனாம்பட்டினம் மணலில் வலையை விரித்துக் காயவைத்தார்கள் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஸ்ப்ரெட்' போதும். உங்கள் மொழிபெயர்ப்பில் நீங்கள் போட்ட 'அன்ஃபர்ல்' பொருந்தாது. உங்கள் ஆசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிட்டது சரிதான்.

அகராதியில் 'விரி' என்று மட்டும் பார்த்திருப்பீர்கள், அங்கேதான் சறுக்கல். தமிழில் பாய், குடை, வலை, கை எல்லாமே விரியும். 'ஃபர்ல்' என்றால் சுருட்டிக் கட்டுவது. அதை அவிழ்த்து விரிப்பதே 'அன்ஃபர்ல்'. கொடி, பாய்மரத்துப் பாய், ஏன், வாழைக்குருத்துக்குக்கூடக் கச்சிதம்.

விரிவதற்கு முன் சுருண்டோ மடிந்தோ இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் 'அன்ஃபர்ல்' போடலாம்; குவியலாகக் கிடந்த வலைக்குப் போட முடியாது. விரல்களை அகட்டி வைப்பது 'ஸ்ப்ளே', அது வேறு.

கொடியில் மட்டும் கவனம். நம் ஊர் வழக்கில் ஆகஸ்ட் 15 அன்று கீழிருந்து ஏற்றுவது 'ஹாய்ஸ்ட்'. ஜனவரி 26 அன்று உச்சியில் கட்டியிருப்பதை அவிழ்ப்பது 'அன்ஃபர்ல்'. செய்தித்தாள்களே இதைக் குழப்பிக்கொள்வதுண்டு.