தலைவர் மாறினால் புதுமை நின்றுவிடுமா? கேள்வி பதில்

கேள்வி: ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிறகு ஆப்பிள் புதிதாக எதையும் செய்யவில்லை என்கிறார்களே, சரியா சார்?

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிம் குக் பொறுப்பேற்றது 2011 ஆகஸ்டில். 2015-இல் ஆப்பிள் வாட்ச், 2016-இல் ஏர்பாட்ஸ் வந்தன. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 2020-இல் இன்டெல் நிறுவனத்தின் சிப்பை விட்டு மேக் கணினிகளைச் சொந்தச் சிப்புக்கு மாற்றத் தொடங்கியதுதான். அந்த வரிசையின் முதல் சிப்பான எம்1 வந்ததும் விசிறியே இல்லாத மடிக்கணினி கூட அவ்வளவு வேகமாக ஓடியது. இதன் விதை ஜாப்ஸ் காலத்தது, உண்மைதான்: 2008-இல் பி.ஏ. செமி என்ற சிறிய சிப் நிறுவனத்தை வாங்கினார்கள். ஆனால் அந்த வேலைக்கு வருடக்கணக்கில் பணமும் பொறுமையும் கொடுத்தது குக். மேடையில் புதுப் பொருளைத் தூக்கிக் காட்டுவது மட்டுமா புதுமை?

கேள்வி: அப்படியானால் புதுத் தலைவரை எப்போதுதான் எடைபோடுவது?

பதில்: சிப், கருவி செய்யும் நிறுவனம் என்றால் நாலைந்து வருடமாவது பொறுக்க வேண்டும். கணினிச் சிப் செய்யும் ஏஎம்டியைப் பாருங்கள். லிசா சூ 2014 அக்டோபரில் தலைமைக்கு வந்தார். அவர்களுடைய ரைசன் சிப் சந்தைக்கு வந்தது 2017-இல். அதன் அடிப்படையான ஜென் வடிவமைப்பு அவர் தலைவராகும் முன்பே தொடங்கிவிட்டது. கம்பெனி நஷ்டத்தில் தவித்தபோதும் அந்த வேலையில் கைவைக்காமல் காத்தாரே, அங்கேதான் அவர் பெருமை. முதல் இரண்டு வருடத்தில் கிடைக்கும் நல்ல பெயரும் கெட்ட பெயரும் பெரும்பாலும் முன்னவருடையவை.

கேள்வி: உள்ளாளா, வெளியாளா, யார் தலைவரானால் நல்லது?

பதில்: இதற்குப் பொதுவிதி கிடையாது. உள்ளே இருந்தவருக்குப் பழசை விட மனம் வராது என்பார்கள். சத்யா நாதெள்ளா 1992 முதல் மைக்ரோசாப்டில் இருந்தவர். 2014-இல் தலைவரானார். முன்னவர் வாங்குவதாகப் பேரம் முடித்திருந்த நோக்கியா கைபேசித் தொழிலை அடுத்த வருடமே சுமார் 760 கோடி டாலர் நஷ்டமாகக் கணக்கெழுதினார். ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போனது, அந்த வலியைச் சின்னதாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இணையம் வழியே கணினி வசதி தரும் மேகக் கணினிச் (கிளவுட்) சேவைக்கு முழுக் கவனம் கிடைத்தது அப்போதுதான்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கும் புதுத் தலைவர் வந்திருக்கிறார். முதலில் எதைக் கவனிக்கட்டும்?

பதில்: அவருடைய பேச்சை அப்புறம் கேட்கலாம். மூத்த பொறியாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்களா என்று பாருங்கள். பாதியில் நிறுத்திய திட்டத்தில் இருந்தவர்களுக்கு அடுத்து என்ன வேலை கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே அப்படி ஒரு குழு இருந்தால், இந்த வாரமே அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.