வெறுங்காலோடு ஒரு புகைப்படம்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம் என்று பிப்ரவரியைக் கொண்டாடுகிறார்களே, இருப்பதிலேயே குட்டி மாதமாகப் பார்த்துத் தள்ளிவிட்டார்களா?

பதில்: அந்தக் கிண்டல் அங்கேயும் உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்தவர் கார்ட்டர் வுட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர்தான். 1926-ல் அதை ஒரு வாரமாகத் தொடங்கினார்; 1976-ல் அது மாதமானது. காரணம் இரண்டு பிறந்தநாள்: அடிமைமுறையை ஒழித்த அதிபர் லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு 14. டக்ளஸ் அடிமையாகப் பிறந்தவர், தேதி அவருக்கே தெரியாது. 14 என்பது அவராக வைத்துக்கொண்டது.

கேள்வி: ‘கறுப்பினக் குரல்களைக் கண்டெடுப்போம், கொண்டாடுவோம்’ என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது டோனி மாரிசன் மட்டும். அடுத்து யாரைப் படிக்கலாம்?

பதில்: ‘கண்டெடுப்போம்’ என்பதில் எனக்கு ஒரு சின்னத் தகராறு. 1827-லேயே நியூயார்க்கில் கறுப்பர்கள் ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ என்று சொந்தப் பத்திரிகை தொடங்கிவிட்டார்கள். ‘எங்கள் வழக்கை நாங்களே பேச விரும்புகிறோம், வெகுகாலமாக மற்றவர்களே எங்களுக்காகப் பேசிவந்தார்கள்’ என்று முதல் இதழிலேயே எழுதினார்கள். இரு நூற்றாண்டு நெருங்கும்போது வந்து நாம் ‘கண்டெடுக்கிறோம்’!

போகட்டும். என் சிபாரிசு கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன்; பெண்மணி. எல்லோரும் அவருடைய நாவலைத்தான் சொல்வார்கள். நான் ‘பாரக்கூன்’ என்பேன், ஒரு நிஜ மனிதரின் கதையை அவர் வாயாலேயே சொல்லும் புத்தகம். 1927-ல் அலபாமாவில் மொபைல் நகருக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒரு முதியவரைத் தேடிப் போகிறார் சோரா. 1860-ல் க்ளோட்டில்டா என்ற கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர் அவர். அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை வந்து 52 வருஷம் கழித்து! ஊருக்கு அவர் கட்ஜோ லூயிஸ். சோரா ‘கொசோலா’ என்று கூப்பிடுகிறார். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெயரைச் சொல்லி இங்கே யாரும் என்னைக் கூப்பிட்டதில்லையே என்று கிழவர் கண் கலங்குகிறார்.

பேட்டி என்று சோரா நோட்டும் கையுமாக உட்கார்ந்து துளைத்திருப்பார் என்று நினைக்காதீர்கள். பீச் பழம் கொண்டுபோவார், தர்பூசணி கொண்டுபோவார். சில நாள் இரண்டு பேரும் பழத்தைத் தின்று தீர்ப்பதோடு சரி. சில நாள், ‘தோட்டத்தில் வேலை கிடக்கு, போயிட்டு வா’ என்று அனுப்பிவிடுவார் கிழவர். ஒருநாள் படம் எடுக்கலாமா என்கிறார் சோரா. கிழவர் உள்ளே போய் இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார், காலில் மட்டும் ஷூ இல்லை. ஆப்பிரிக்காவில் இருக்கிற மாதிரி தெரியணுமாம், இருக்க ஆசைப்படுவது அங்கேதானாம். மனைவி மக்களைப் புதைத்த இடத்துக்கு நடுவே போய் நின்றுகொள்கிறார்.

1931-ல் கைப்பிரதி தயார். கிழவரின் கொச்சைப் பேச்சைத் திருத்தி ஒழுங்கான ஆங்கிலமாக்கித் தந்தால் பார்க்கலாம் என்றது ஒரு பதிப்பகம். சோரா முடியாது என்றுவிட்டார். புத்தகம் வெளிவந்தது 2018-ல். சோராவும் இல்லை, கிழவரும் இல்லை. படிக்கும்போது ஒன்று செய்யுங்கள்: வாய்விட்டுப் படியுங்கள். அந்த எழுத்துக்கூட்டல் கண்ணுக்கானதல்ல, காதுக்கானது. எனக்கு முதல் பத்துப் பக்கம் பாடாய்ப் படுத்தியது. அப்புறம் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

கேள்வி: சோராவின் கல்லறையே வெகுநாள் தெரியாமல் கிடந்ததாமே?

பதில்: ஆமாம். 1960-ல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் ஏழையாக இறந்தார். நாலு பேர் வசூலித்த பணத்தில் அடக்கம்; பெயர் பொறித்த கல் இல்லை. 1973-ல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அங்கே போனார், சோராவின் உறவுக்காரி என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு! இடுப்பளவு புதர், பாம்பு பயம் வேறு. ‘சோரா!’ என்று சத்தம்போட்டுக் கூப்பிட்டபடியே தேடினார். ஒரு பள்ளத்தில் கால் இறங்கியது. இதுதான் இடம் என்று முடிவுசெய்து, ‘தெற்கின் மேதை’ என்று கல் நாட்டினார்.

கல்லில் பிறந்த வருஷம் 1901 என்றிருக்கும். அசல் 1891. பல வருஷமாக வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது சோராதான், கல்லையும் நம்பவைத்துவிட்டார்.