போர் தண்ணில யுரேனியம், மணல் தொட்டி போட்டா போதுமா டாக்டர்?

கேள்வி: எங்க வீடு நெல்லிக்குப்பம் பக்கம். போர் தண்ணிய டெஸ்ட் பண்ணதுல யுரேனியம் லிட்டருக்கு 46 மைக்ரோகிராம்னு வந்திருக்கு. யுரேனியம் மணல்ல ஒட்டிக்கும், அதனால ஒரு மணல் தொட்டி கட்டி வடிகட்டினா போதும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு. அம்மாவுக்கு 12 வருஷமா சுகர். எனக்கு முடி வேற கொட்டுது. பயமா இருக்கு. (வாசகி, கடலூர் மாவட்டம்)

பதில்: அண்ணன் சொன்னதுல பாதி சரிதான்மா. தண்ணில கரைஞ்சிருக்கற யுரேனியம் வேற எதோடயும் சேராதப்ப பாசிட்டிவ் சார்ஜ்ல இருக்கும், அது களிமண்லயும் மணல் மேல இருக்கற இரும்புத் துரு படலத்துலயும் நல்லாவே ஒட்டும், வெறும் வெள்ளை மணல்ல அவ்ளோ ஒட்டாது. திருவக்கரை பக்கம் செக்கச்செவேல்னு மண்ணு பாத்திருப்பீங்க, அந்த சிவப்பு இரும்புதான். இலை தழை மக்கி கருப்பா காத்து போகாம கெடக்கற சேத்துல இன்னும் ஜாஸ்தி பிடிக்கும், ஏன்னா அங்க இருக்கற பாக்டீரியா யுரேனியத்த கரையாத ரூபத்துக்கு மாத்தி அங்கயே படிய விட்டுடும்.

ஆனா சிக்கல் தண்ணிலதான் இருக்கு. தண்ணியோட பிஎச் (அமிலமா காரமான்னு காட்டற அளவு) 6, 7 வாக்குல இருந்தா நல்லா ஒட்டும். அதுவே 8-ஐ தாண்டி பைகார்பனேட்டும் கால்சியமும் ஜாஸ்தியா இருக்கற உப்புத் தண்ணின்னா யுரேனியம் அதுங்களோட சேந்துக்கிட்டு மணல கண்டுக்காம தண்ணியோடயே வந்துடும். வயல் உரத்துல இருந்து எறங்கற நைட்ரேட்டும், தண்ணி மட்டம் எறங்கி உள்ள போற காத்தும், ஏற்கனவே படிஞ்சு கெடந்தத கூட திருப்பி கரைச்சு விடும். உங்க ரிப்போர்ட்ல பைகார்பனேட், நைட்ரேட் ரெண்டும் எவ்ளோன்னு பாருங்க.

இப்ப யோசிங்க, பூமிக்குள்ள அத்தன அடி மணல்லயும் களிமண்லயும் வருஷக்கணக்கா உரசிக்கிட்டு வந்தும் ஒட்டாம மிஞ்சினதுதான் உங்க மோட்டார்ல ஏறி வருது. அதப் போய் ரெண்டடி மணல் தொட்டி பிடிச்சிருமா? அப்படியே கொஞ்சம் பிடிச்சாலும் டவுன் பஸ் சீட்டு மாதிரி எடம் கொஞ்சம்தான், நிறைஞ்சிட்டா அப்புறம் வர்றதெல்லாம் நேரா டம்ளருக்குத்தான், அது என்னைக்கு நிறைஞ்சதுன்னு பாத்தும் தெரியாது குடிச்சும் தெரியாது. தொட்டி வேணாம். கொதிக்க வைக்கறதும் வேணாம், கிருமிதான் சாகும், தண்ணி சுண்ட சுண்ட யுரேனியம் கெட்டியாகத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யுவி இதுக்கெல்லாம் பிடிபடாது. நல்ல ஆர்ஓ மெஷின் பெரும்பகுதிய எடுத்துடும், குடிக்க, சமைக்க, சோறு வடிக்க அந்த தண்ணி. குளிக்க துணி தொவைக்க போர் தண்ணியே போதும், தோல் வழியா உள்ள போறது ரொம்ப ரொம்ப கம்மி. மெஷின்ல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணில யுரேனியம் ஜாஸ்தியா இருக்கும், அத எடுத்து மாட்டுக்கு வெக்காதீங்க, கக்கூஸுக்கு ஊத்துங்க.

46-ன்னா எவ்ளோ பயப்படணும்? உலக சுகாதார நிறுவனம் 30-னு சொல்லுது, நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் முன்னாடி 60-னு வெச்சிருந்துச்சு, இப்ப நம்ம நாட்டு குடிநீர் தரமும் 30-தான். நீங்க 30-ஐ தாண்டித்தான் நிக்கறீங்க, அவசரம் இல்ல, ஆனா அப்படியே விடவும் கூடாது. யுரேனியம்னதும் எல்லாரும் கதிர்வீச்சு, கேன்சர்னு ஓடறாங்க, இயற்கை யுரேனியத்தோட கதிர்வீச்சு ரொம்ப கம்மி, நான் கவலைப்படறது கிட்னிக்காக. குடிச்சதுல பெரும்பகுதி மலத்துலயே போயிடும், ரத்தத்துல ஏறற கொஞ்சூண்டு கிட்னி வழியா வெளிய போகும்போது அங்க இருக்கற நுண்குழாய உரசும், மிச்சம் கொஞ்சம் எலும்புல தங்கும்.

அதனாலதான் உங்களவிட அம்மாவப் பத்தி யோசிக்கறேன். சுகர் ஏற்கனவே கிட்னிய தேச்சுக்கிட்டு இருக்கும். ரத்தத்துல கிரியேட்டினின், யூரின்ல ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (கிட்னில இருந்து புரதம் கசியுதான்னு காட்டும்), இந்த ரெண்டு டெஸ்ட் எடுங்க, அரசு ஆஸ்பத்திரிலயே கேட்டுப் பாருங்க. ஆல்புமின் ஜாஸ்தியா வந்தா உடனே தண்ணி மேல பழி போடாதீங்க, பெரும்பாலும் சுகர், பிரஷர்தான் காரணமா இருக்கும். அம்மா மூட்டு வலின்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டாலோ, கிட்னி சுத்தம் பண்ற லேகியம் சாப்பிட்டாலோ, மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க, அதுவே கிட்னிய கெடுக்கலாம்.

முடி கொட்றதுக்கு யுரேனியத்த இழுக்காதீங்க. தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்க. ஆர்ஓ மாட்டினதும் அதுல இருந்து வர்ற தண்ணிய ஒருதரம் அதே லேப்ல குடுத்து யுரேனியம் எவ்ளோன்னு பாத்துடுங்க, மெஷினுக்குள்ள வடிகட்டற சவ்வு (மெம்ப்ரேன்) பழசானா திரும்பவும் ஒருதரம்.