கறுத்த மீனுக்கும் நோயில்லை, வாய் உப்பிய மீனுக்கும் நோயில்லை

கேள்வி: 4 அடித் தொட்டியில் மஞ்சள் உடம்பும் கறுப்புக் கோடும் உள்ள ஆரட்டஸ் சிக்லிட் குஞ்சுகள் 6 விட்டிருந்தேன். வளர்ந்தபின் ஒன்று மட்டும் கறுத்துப்போய், மற்றவற்றை விரட்டிக் கடிக்கிறது. 2 செத்துவிட்டன. இன்னொன்று வாய் உப்பி, ஒரு வாரமாக இரை எடுக்கவில்லை. நீல மருந்து ஊற்றலாமா? போர் தண்ணீர்தான் விடுகிறேன்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மருந்து வேண்டாம். கறுத்தது ஆண், பருவத்துக்கு வந்ததும் நிறம் மாறியிருக்கிறது. வாய் உப்பியது பெண். தாடைக்கு அடியில் பைபோலத் தொங்கி, இரையில்லாமலே வாயை மென்றுகொண்டிருந்தால் உள்ளே முட்டைகளைப் புரட்டுகிறது என்று அர்த்தம். உங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பிடிக்கும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க சிக்லிட் குடும்பம்தான். அதிலும் பெண் வாயில்தான் அடைகாக்கும்.

கடிக்குக் காரணம், மீன் குறைவாக இருப்பது. நாலைந்து மீன் இருந்தால் ஆணின் கோபம் முழுக்க ஒன்றின் மேலேயே விழும். 1 ஆணுக்கு 6, 7 பெண் வேண்டும். ஒத்த அளவுள்ள 8 இளமீன்களை ஒரே தடவையில் சேர்த்து, பின்னால் கறுக்கும் ஆண்களை எடுத்துவிடுங்கள். சேர்ப்பதற்கு முன் பழைய ஆணை 3 நாள் வேறு தொட்டியில் வைத்து, கற்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை கலைந்தால்தான் புதியவை பிழைக்கும். விளக்கை அணைத்து இரவில் விடுங்கள். ஆணைக் கடைசியாக விடுங்கள். கருங்கல் உங்கள் பக்கம் தாராளம். கல்லை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு நிறுத்தி, பிறகு மணல் கொட்டுங்கள். இந்த மீன் மணலைத் தோண்டும். கல் சரிந்தால் தொட்டி உடையும்.

இந்த மீனின் தாயகம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அதன் நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.7 முதல் 8.6 வரை. கடினமான போர் தண்ணீர் இதற்குத் தோதானது. டிரம்மில் ஒரு நாள் காற்று விட்டபின் சோதியுங்கள், 7.8 தாண்டினால் எதையும் கலக்க வேண்டாம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக அதே ஒரு நாள். ஆர்.ஓ. தண்ணீர் கூடவே கூடாது. பி.எச். ஏறினால் அம்மோனியாவின் விஷமும் ஏறும் என்பதால் நல்ல ஃபில்டரும், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றமும் கட்டாயம். மார்கழி, தை இரவுகளுக்கு ஹீட்டரை 26 டிகிரியில் வையுங்கள்.

பாசி மேயும் மீன் இது. ஸ்பைருலினா என்ற நுண்பாசி கலந்த பெல்லட் போதும். ரத்தப்புழுவும் இறைச்சியும் கொடுத்தால் வயிறு வீங்கிச் சாகக்கூடும்.

அடைகாப்பு சுமார் 21 நாள். தலைச்சூல் மீன் முட்டையை விழுங்குவது சகஜம், பயந்தாலும் விழுங்கும். அதனால் இப்போது வலை போட வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியதும், இருட்டில் மெதுவாகப் பிடித்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பி ஸ்பான்ஜ் ஃபில்டர் ஓடும் 2 அடித் தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சுகளைத் துப்பியபின் தாயைத் தனியே வைத்து ஒரு வாரம் தீனி கொடுத்துத் தேற்றியே திருப்பி விடுங்கள். மெலிந்து போனால் ஆணிடம் அடிபடும். குஞ்சுக்குப் பொடித்த பெல்லட் தினம் 3 வேளை.

எடுத்துவிட்ட ஆண்களைக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். கிணற்றிலோ பண்ணைக் குட்டையிலோ விட்டுவிடாதீர்கள்.